தண்ணீர் அடித்து, மண்ணை உறிஞ்சித் தோண்டுவது: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கங்களில் சாலையோரம் குழி எடுக்கும் வேலைகளை மேற்பார்வை செய்பவன் நான். ஒப்பந்ததாரர், ஜேசிபி ஓட்டுநர், பிளம்பர், வீட்டுக்காரர் என்று யார் வந்தாலும் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். மண்ணுக்கு அடியில் மின்கேபிள், குடிநீர்க் குழாய், ஃபைபர் கேபிள், பாதாள சாக்கடை எல்லாம் நெருக்கியடித்துக் கிடக்கும் நம் சாலைகளில் எதையும் உடைக்காமல், யாருக்கும் அடிபடாமல் எப்படித் தோண்டுவது என்பதே அது. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

தண்ணி அடிச்சுத் தோண்டுறதுன்னா என்ன? போர் போடுற மாதிரியா?

இல்லை. அழுத்தமான தண்ணீரை ஒரு கன் (துப்பாக்கி போன்ற கைக்கருவி) வழியாகப் பீய்ச்சி மண்ணைக் கரைக்கிறார்கள். கரைந்த சேற்றைப் பெரிய ஹோஸ் ஒன்று அந்த நொடியே உறிஞ்சி வண்டியிலுள்ள தொட்டிக்குக் கொண்டுபோகிறது. குழிக்குள் கடப்பாரை, பிக்காஸ், ஜேசிபி பல் என்று கூர்மையான இரும்பு எதுவும் இறங்குவதில்லை. மண் மட்டும் விலகும், குழாயும் கேபிளும் இருந்த இடத்திலேயே கிடக்கும். இதை ஹைட்ரோ வேக் என்பார்கள். கனடாவின் ஆல்பர்ட்டா பகுதியில் எண்ணெய், எரிவாயு வேலைகளில்தான் இந்த முறை நன்றாக வளர்ந்தது.

இரண்டு விதமாக இது பயன்படும். ஒன்று, முழுப் பள்ளத்தையும் இப்படியே எடுப்பது. இன்னொன்று, ஒரு அடிக்கு ஒரு அடி அகலத்தில் சோதனைக் குழி போட்டு, லைன் எங்கே எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு மற்ற இடத்தை வழக்கம்போலத் தோண்டுவது. நம் ஊர் வேலைகளுக்கு இரண்டாவதே அதிகம் பொருந்தும்.

எங்க ஜேசிபி ஓட்டுநர் நல்ல கைப்பழக்கம் உள்ளவர். மெதுவா எடுத்தா போதாதா?

கைப்பழக்கத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். திறமையான ஓட்டுநர் பக்கெட் முனையால் ஒரு செங்கல்லைக்கூட அலுங்காமல் எடுத்துவிடுவார். ஆனால் அவருக்குத் தெரிவது மேல் மண் மட்டுமே. ஜேசிபியின் விசைக்கு முன்னால் கேபிள் போகும் 40 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குழாய் (டக்ட்) எந்த எதிர்ப்பும் காட்டாது. பக்கெட் மேலே வரும்போது கிழிந்த ஆரஞ்சுக் குழாய் பல்லில் தொங்குவதைப் பார்த்தபிறகுதான் அங்கே ஒரு லைன் இருந்தது அவருக்குத் தெரியவரும்.

கண்ணால் பார்த்த லைனுக்குப் பக்கத்தில் அவரது திறமை நிச்சயம் பயன்படும். அதனால் முதலில் லைனை வெளியே கொண்டுவந்து அவர் கண்ணுக்குக் காட்டிவிட வேண்டும்.

அடியில என்ன கெடக்குன்னு யாருகிட்ட கேக்கணும்?

முதலில் சாலை யாருடையது என்று பாருங்கள்: தேசிய நெடுஞ்சாலையா, மாநில நெடுஞ்சாலைத் துறையா, மாநகராட்சியா, பேரூராட்சியா, ஊராட்சியா. தோண்ட அனுமதி அங்கேதான் வாங்க வேண்டும். அப்புறம் மின்வாரியப் பிரிவு அலுவலகம், குடிநீர் வடிகால் வாரியம், உள்ளாட்சியின் குடிநீர்ப் பிரிவு, தொலைத்தொடர்பு நிறுவனங்கள், எரிவாயுக் குழாய் போகிற இடம் என்றால் அந்த நிறுவனம்.

2023 மார்ச் 22 அன்று மத்திய அரசு ‘கால் பிஃபோர் யூ டிக்’ என்ற செயலியை வெளியிட்டது. தோண்டப் போகும் இடத்தையும் நாளையும் அதில் பதிவு செய்தால், அங்கே லைன் வைத்திருப்பவர்களுக்குத் தகவல் போகும். அவர்களுடைய தொடர்பு எண்ணும் நமக்குக் கிடைக்கும். ஒருங்கிணைப்பு இல்லாமல் தோண்டுவதால் நாட்டுக்கு ஆண்டுக்குச் சுமார் 3,000 கோடி ரூபாய் நட்டம் என்று அப்போது அரசே சொன்னது. செயலியை வைத்திருங்கள், பயன்படுத்துங்கள். ஆனால் அதில் பதிவு செய்யாத லைன் அதில் வராது. பழைய குடிநீர்க் குழாய்கள் விஷயத்தில் இதை மனதில் வையுங்கள்.

இன்னொரு ஆள் உண்டு, அவரை யாரும் கேட்பதில்லை. உங்கள் வார்டில் தினமும் தண்ணீர் திறந்துவிடும் ஊழியர். எந்த வால்வு எந்தத் தெருவுக்கு, எந்த லைன் எந்த வருடம் மாற்றினார்கள், எது செத்த லைன் என்பதெல்லாம் அவர் நினைவில் இருக்கும். அலுவலக வரைபடத்தில் இல்லாத குழாயை அவர் காலால் தட்டிக் காட்டிவிடுவார். அவர் வந்து பார்த்துவிட்டுப் போகும்வரை வேலையைத் தொடங்காதீர்கள்.

வரைபடத்துல 1.65 மீட்டர் ஆழம்னு இருக்கு. அப்ப ஒரு மீட்டர் வரை ஜேசிபி விடலாமில்லியா?

கூடாது. 1.65 மீட்டர் என்பது ஃபைபர் கேபிள் புதைக்க பிஎஸ்என்எல் வழக்கமாகக் கடைப்பிடிக்கும் ஆழம். அதேபோல மின்கேபிளுக்கு இந்தியத் தரநிலை ஐஎஸ் 1255 ஆழம் சொல்கிறது: தாழ்வழுத்தக் கேபிளுக்கு 75 சென்டிமீட்டர், 11 கேவி (கிலோவோல்ட்) வரை 90 சென்டிமீட்டர், 33 கேவிக்கு 1.05 மீட்டர். இவையெல்லாம் பதிக்கும் நாளில் இருக்க வேண்டிய ஆழம். இன்றைக்கு அதே ஆழத்தில் இருக்கும் என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது.

நம் மாவட்டத்தின் தரை மேடும் பள்ளமும். தக்கலையிலிருந்து மார்த்தாண்டம் போகும் வழியில் மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பித்தான் சாலை போகிறது. சாலையை அகலப்படுத்தும்போது ஓரத்து மேட்டைச் சீவினால், ஒன்றரை மீட்டரில் இருந்த கேபிள் இரண்டு அடிக்கு வந்துவிடும். தார் மேல் தார் போட்ட இடத்தில் நேர்மாறாக ஆழம் கூடியிருக்கும். பதிக்கும்போதே பாறை தட்டியதால் மேலேயே விட்டுப் போன இடங்களும் ஏராளம். வரைபடம் லைன் இருக்கிறது என்று சொல்வதை நம்புங்கள், எவ்வளவு ஆழம் என்பதைக் குழி எடுத்துப் பாருங்கள்.

கேபிள் லொக்கேட்டர் கையில இருக்கு. அதுக்கப்புறமும் எதுக்குக் குழி?

லொக்கேட்டர் நல்ல கருவிதான். உலோகத்தையும், மின்சாரம் ஓடுகிற கேபிளையும் கண்டுபிடிக்கும். பிவிசி குழாயை அது அறியாது. டக்டுக்குள் போகும் ஃபைபர் கேபிளில் உலோகக் கவசம் இல்லை என்றால் அதுவும் தெரியாது. இரண்டு கேபிள் அருகருகே போனால் சிக்னல் ஒன்றோடொன்று கலந்து, இரண்டுக்கும் நடுவில் ஒரு இடத்தைக் காட்டிவிடும்.

தரை ஊடுருவும் ரேடார் பிளாஸ்டிக்கையும் காட்டக்கூடியது. ஆனால் ஈரக் களிமண்ணிலும் உப்பு ஏறிய மண்ணிலும் அதன் அலை கொஞ்ச ஆழத்திலேயே மடிந்துவிடும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் இது. மண் காய்ந்து கிடக்கும் மாதங்கள் குறைவு. மணவாளக்குறிச்சி பக்கம் கருமணல் கலந்த தரையில் சாதாரண மெட்டல் டிடெக்டரும் தடுமாறும். கருவியை வைத்துக் கோடு போடுங்கள், அந்தக் கோட்டின் மேல் சோதனைக் குழி எடுத்து உறுதி செய்யுங்கள்.

கோட்டிலிருந்து எவ்வளவு தூரம் வரை கவனமா எடுக்கணும்?

அமெரிக்காவில் சில மாநிலங்கள் லைனின் இருபக்கமும் 18 அங்குலம், சில 24 அங்குலம் என்று வரையறுத்திருக்கின்றன. அந்த எல்லைக்குள் இயந்திரப் பல் நுழையக் கூடாது. நம்மிடம் வரைபடங்கள் அவ்வளவு துல்லியமாக இல்லாததால் இரண்டு அடியை மிகக் குறைந்த அளவாக வைத்துக்கொள்ளுங்கள். மின்கேபிள், எரிவாயு என்றால் இருபக்கமும் ஒரு மீட்டர் விடச் சொல்வேன்.

தண்ணிக்கு எவ்வளவு பிரஷர் வைக்கணும்? கூட வெச்சா வேலை சீக்கிரம் முடியுமே.

லைன் இருக்கும் எல்லைக்குள் 2,500 பிஎஸ்ஐக்கு (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) மேல் போகக் கூடாது என்பது வட அமெரிக்க வழிகாட்டிகளில் பரவலாக உள்ள வரம்பு. நம் ஊர் கணக்கில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 175 கிலோ. மணல் தரைக்கு அதில் பாதிகூட வேண்டாம். பிரஷர் மட்டும் பார்த்தால் போதாது. நாசில் (தண்ணீர் வெளிவரும் முனை) எப்படிப்பட்டது, எவ்வளவு அருகில் பிடிக்கிறீர்கள், எவ்வளவு நேரம் ஒரே இடத்தில் நிறுத்துகிறீர்கள் என்பவையும் சேர்ந்துதான் சேதத்தைத் தீர்மானிக்கின்றன.

ஊசிபோல நேராகப் பாயும் நாசிலை லைனுக்கு அருகில் பயன்படுத்தவே கூடாது, அது கேபிளின் மேலுறையை அறுத்துவிடும். சுழன்று அடிக்கும் நாசிலோ விசிறிபோல விரிந்து அடிக்கும் நாசிலோ போடுங்கள். முனையை லைனிலிருந்து 20 சென்டிமீட்டராவது தள்ளிப் பிடியுங்கள். கையை ஆட்டிக்கொண்டே இருங்கள். நாசிலை மண்ணுக்குள் குத்தி அடிப்பது பலருக்கும் வருகிற பழக்கம், அதைப் பார்த்தவுடன் நிறுத்துங்கள், ஏனென்றால் முனைக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று அடிப்பவருக்கே தெரியாது. உறிஞ்சும் குழாயின் வாயும் அப்படித்தான். இரும்புப் பல் வைத்த வாய் வேண்டாம், ரப்பர் அல்லது பிளாஸ்டிக் வாய் போதும்.

கார் கழுவுற பம்பு இருக்கு, செப்டிக் டேங்க் லாரியும் வாடகைக்குக் கிடைக்கும். ரெண்டையும் சேர்த்தா ஆகாதா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். ஆசை நியாயமானது, ஆனால் சரிவராது. செப்டிக் லாரியின் பம்பு தண்ணீராக இருக்கும் பொருளை இழுக்கச் செய்தது. கல்லும் மண்ணும் கலந்த சேற்றைத் தூக்க வேக்குவம் மட்டும் போதாது, ஹோஸுக்குள் காற்று அதிவேகமாக ஓட வேண்டும், அந்தக் காற்றுதான் கல்லைத் தூக்கிக்கொண்டு போகிறது. பெரிய ஹைட்ரோ வேக் வண்டியின் புளோயர் நிமிடத்துக்குப் பல ஆயிரம் கன அடி காற்றை இழுக்கும். செப்டிக் லாரியின் பம்பு இழுப்பது சில நூறு கன அடி. நாலு கல் ஏறியதும் ஹோஸ் அடைத்துக்கொள்ளும். மண் துகள் பம்புக்குள் போனால் பம்பும் தேய்ந்துபோகும்.

அதைவிட முக்கியம் சுகாதாரம். மலக்கழிவு ஏற்றிய தொட்டியையும் ஹோஸையும் கொண்டுவந்து குடிநீர்க் குழாய்க்குப் பக்கத்தில் திறப்பது பெரிய ஆபத்து. குழாயில் ஒரு கசிவு இருந்து, தண்ணீர் நிறுத்திய நேரத்தில் உள்ளே அழுத்தம் குறைந்தால், வெளியில் கிடக்கும் அசுத்தம் உள்ளே போய்விடும். அடுத்த நாள் அதே குழாயில் பிள்ளைகளுக்குத் தண்ணீர் பிடிப்பார்கள்.

மாநகராட்சிகள் வைத்திருக்கும் ஜெட்டிங் (தண்ணீர் பீய்ச்சுவது), உறிஞ்சும் வசதி இரண்டும் சேர்ந்த வண்டிகளும் சாக்கடை அடைப்பு எடுப்பதற்கானவை. அவற்றின் ஜெட் ஹோஸ் குழாய்க்குள் தன்னைத்தானே இழுத்துக்கொண்டு போக வடிவமைத்தது, திறந்த மண்ணில் கையால் பிடித்து அடிக்கக் கூடாது. டிரெய்லரில் வரும் சிறிய வேக்குவம் யூனிட்கள்தான் நம் சந்துகளுக்கு ஏற்றவை. அவற்றின் தண்ணீர்ச் செலவு நிமிடத்துக்குச் சுமார் 15 முதல் 20 லிட்டர், பெரிய வண்டியில் அது இரட்டிப்பாகும்.

கரண்ட் ஓடுற கேபிள் பக்கத்துல தண்ணி அடிக்கிறது ஆபத்து இல்லியா?

ஆபத்துதான். உறை நல்லபடியாக இருக்கும் கேபிளின் மேல் தண்ணீர் பட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் உறை முன்பே கிழிந்திருக்கிறதா, பழைய ஜாயின்ட் ஈரம் குடித்திருக்கிறதா என்பது மண்ணுக்கு மேலிருந்து தெரியாது. அதனால் முதல் வழி, மின்வாரியத்திடம் சொல்லி அந்தக் கேபிளில் மின்சாரத்தை நிறுத்தி, நிறுத்தியதை அவர்கள் வாயாலும் எழுத்தாலும் உறுதி செய்த பிறகு தோண்டுவது.

நிறுத்தவே முடியாத இடத்தில் செய்வதாக இருந்தால், மின்வாரிய ஆள் உடனிருக்க வேண்டும். வண்டிக்கு எர்த் கொடுத்திருக்க வேண்டும். கன் பிடிப்பவருக்கு மின்காப்பு பூட்ஸ், கையுறை வேண்டும், அவர் மின்காப்பு விரிப்பின் மேல் நிற்க வேண்டும். பிரஷரையும் குறைக்க வேண்டும். ஒழுங்காகப் பதித்த கேபிளின் மேல் மணலும் அதற்கு மேல் செங்கல் அல்லது எச்சரிக்கை நாடாவும் இருக்கும். சேற்றில் திடீரென்று சுத்தமான ஆற்று மணலோ வரிசையாக அடுக்கிய செங்கல்லோ தெரிந்தால், கேபிள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்று பொருள். அங்கே நிறுத்தி யோசியுங்கள்.

வெட்டுக்கல்லுல இது இறங்குமா?

செம்மண்ணில் நன்றாக இறங்கும். அதற்குக் கீழே வெட்டுக்கல் (லேட்டரைட் என்னும் செந்நிறக் கல்) இறுகிய இடத்தில் மெதுவாகத்தான் போகும், சில இடங்களில் போகவே போகாது. குலசேகரம், திருவட்டாறு பக்கம் போனால் பாறையும் வரும். அப்போது பிரஷரை ஏற்றி ஜெயிக்கப் பார்க்காதீர்கள், அதற்கான காரணம் பிரஷர் கேள்வியிலேயே இருக்கிறது.

ஒரு நல்ல செய்தி என்னவென்றால், வெட்டுக்கல்லை வெட்டி லைன் போட்டவர்கள் அந்தப் பள்ளத்தை இளகிய மண்ணால்தான் மூடியிருப்பார்கள். தண்ணீர் அடிக்கும்போது ஒரு இடம் மட்டும் சட்டென்று கரைந்து இறங்கினால் அது பழைய பள்ளம். லைன் அதற்குள்தான் இருக்கும். சுற்றியுள்ள கல் உங்களுக்கு எல்லை காட்டிவிடுகிறது.

குளச்சல் பக்கம் வெறும் மணல். தண்ணி அடிச்சா குழி நிக்கவே மாட்டேங்குது.

நிற்காது. கடற்கரை மணலில், அதுவும் நிலத்தடி நீர் மேலே இருக்கும் இடத்தில், உறிஞ்ச உறிஞ்சப் பக்கத்து மணல் ஓடி வந்துகொண்டே இருக்கும். மேலே குழி சின்னதாகத் தெரியும், அடியில் சாலைக்குக் கீழே பொந்து விழுந்திருக்கும். இன்றைக்கு ஒன்றும் தெரியாது, அடுத்த மழையில் லாரிச் சக்கரம் உள்ளே இறங்கும். எடுத்த மணலின் அளவும் குழியின் அளவும் பொருந்துகிறதா என்று தொட்டியைப் பார்த்துக்கொண்டே இருங்கள். ஒரு அடிக் குழியிலிருந்து தொட்டி பாதி நிறைந்தால் எங்கோ பொந்து விழுகிறது.

இங்கே தண்ணீரைக் குறைத்து, உறிஞ்சுவதை மட்டும் வைத்தே பெரும்பாலும் வேலை முடித்துவிடலாம். அகலமான பிவிசி குழாய்த் துண்டு ஒன்றை உறையாக நிறுத்தி, உள்ளே உறிஞ்ச உறிஞ்ச அதைக் கீழே இறக்கிக்கொண்டே போனால் பக்க மணல் வராது. லைன் தட்டும் என்று நினைக்கும் ஆழத்துக்கு முன்பே உறையை நிறுத்திவிடுங்கள்.

தண்ணிக்குப் பதிலா காத்து அடிச்சு எடுக்கலாம்னு சொல்றாங்களே?

எடுக்கலாம். கம்ப்ரசர் காற்றால் மண்ணை உடைத்து உறிஞ்சுவது. எடுத்த மண் காய்ந்தே இருக்கும், திரும்பக் குழிக்குள் போடலாம். கேபிள் உறையை அறுக்கும் ஆபத்தும் குறைவு. தென்னை, பலா வேர்களுக்கு நடுவே குழாய் தேடும்போது காற்று முறையைத்தான் பரிந்துரைப்பேன், வேர் அறுபடாது. ஆனால் இறுகிய களிமண்ணிலும் வெட்டுக்கல்லிலும் மிகவும் மெதுவாகப் போகும். கல் தெறிக்கும், தூசி பறக்கும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் அந்தத் தூசி நேராகச் சாலையில் போகிறவர் கண்ணில்தான் விழும், சுற்றிலும் மறைப்பு கட்டாமல் தொடங்காதீர்கள்.

எடுத்த சேற்றை எங்க கொட்ட? பக்கத்துலேயே சானல் இருக்கு.

சானலில் கொட்டாதீர்கள், குளத்திலும் கொட்டாதீர்கள். நாஞ்சில் நாட்டின் வயல்கள் அந்தச் சானல் தண்ணீரை நம்பி இருக்கின்றன. செம்மண் சேறு படிந்தால் மடை அடைக்கும். மழைநீர் வடிகாலில் விட்டாலும் கடைசியில் அங்கேதான் போய்ச் சேரும். வேலை தொடங்கும் முன்பே உள்ளாட்சியிடம் இடம் கேட்டு எழுதி வாங்குங்கள். சேறு படிந்து தண்ணீர் தெளிய ஒரு மண் கரை கட்டிய இடம் போதும். தார்த் துண்டு, எண்ணெய், சாக்கடைக் கசிவு கலந்திருந்தால் அந்தச் சேற்றைத் தனியே வைத்து அதற்குரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும்.

அப்ப குழியை எதால மூட?

சேற்றால் மூடினால் இறுகாது, சாலை உட்காரும். லைனைச் சுற்றி கல் இல்லாத மணலோ எம்-சாண்டோ போட்டு, அதற்கு மேல் எச்சரிக்கை நாடா விரித்து, பிறகு அடுக்கு அடுக்காக மண் போட்டு இறுக்குங்கள். மூடும் முன் ஒரு அளவு நாடாவை வைத்து ஆழமும் பக்கத்துக் கம்பத்திலிருந்து தூரமும் தெரியும்படி ஃபோட்டோ எடுத்து வையுங்கள். அடுத்து அங்கே தோண்ட வருகிறவருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

குழாயைக் கண்டாச்சு. இனி அடி வரைக்கும் மண்ணை எடுத்துரலாமா?

இங்கேதான் அனுபவசாலிகளும் சறுக்குகிறார்கள். பழைய ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் குழாய்கள் நம் குடிநீர் லைன்களில் இன்னும் கிடக்கின்றன. அவை கீழேயுள்ள மண் தாங்குவதால்தான் நிற்கின்றன. அடி மண்ணை நீளமாக உருவிவிட்டால் தன் எடையாலேயே ஜாயின்ட்டில் பிளந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, இடையிடையே தாங்கு கொடுத்துத்தான் போக வேண்டும். கேபிளையும் தொங்க விடாதீர்கள், அதன் மேல் கால் வைத்து ஏறாதீர்கள்.

இன்னொன்று இதைவிட மோசமானது. அழுத்தத்தில் ஓடும் குடிநீர்க் குழாய் திரும்பும் இடத்திலும் முடியும் இடத்திலும் பின்னால் ஒரு கான்கிரீட் கட்டி இருக்கும். தண்ணீரின் தள்ளு விசையை அந்தக் கட்டியும் அதற்குப் பின்னாலுள்ள மண்ணும்தான் தாங்குகின்றன. அந்த மண்ணைக் கரைத்து எடுத்துவிட்டால் வளைவு பிடுங்கிக்கொண்டு வெளியே வரும், குழிக்குள் நிற்பவர் தப்பிக்க நேரம் இருக்காது. பெரிய குழாயில் வளைவு தெரிந்தால் லைனை நிறுத்தச் சொல்லாமல் அதன் முதுகுப் பக்கம் தொடாதீர்கள்.

குழிக்குள்ள ஆள் இறங்கலாமா?

சோதனைக் குழிக்குள் இறங்கத் தேவையே இல்லை, மேலிருந்தே எல்லாம் செய்யலாம். இந்த முறையின் பெரிய நன்மைகளில் ஒன்று அது. அகலமான பள்ளத்தில் இறங்கியே ஆக வேண்டும் என்றால், 1.5 மீட்டருக்கு மேல் ஆழம் போனதும் பக்கங்களுக்கு முட்டுக் கொடுத்து, ஏணி வைத்துத்தான் இறங்க வேண்டும். தண்ணீர் ஊறிய பக்கச் சுவர் காய்ந்த சுவரைவிடச் சீக்கிரம் சரியும். உறிஞ்சும் ஹோஸ் ஓடும்போது கையோ காலோ அதன் வாய்க்கு அருகில் போகக் கூடாது. வேக்குவத்தை நொடியில் நிறுத்தும் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்க வேண்டும், அவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள்.

கன் தண்ணி கையில பட்டு ஊசி குத்தின மாதிரி ஒரு சின்ன ஓட்டை. மஞ்சள் வெச்சுக் கட்டினா போதுமா?

போதாது. உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அந்த அழுத்தத்தில் தண்ணீர் தோலைத் துளைத்து, மண்ணையும் கிருமியையும் சதைக்குள் தூரமாகக் கொண்டுபோய் விட்டிருக்கும். முதலில் வலிகூட இல்லாமல் இருக்கலாம், சில மணி நேரத்தில் வீங்கி, விரலையே இழக்க நேரிடும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ அருகிலுள்ள அறுவைச் சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனையோ, போனவுடன் “பிரஷர் தண்ணீர் தோலுக்குள் பாய்ந்திருக்கிறது” என்று இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். வெறும் சிராய்ப்பு என்று நினைத்துக் காத்திருக்க வைத்துவிடக் கூடாது.

மெஷின் எல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாது. ஒரு வீட்டுக்குத் தண்ணி கனெக்‌ஷன் கொடுக்கத்தானே தோண்டுறோம்.

மெஷின் இல்லாமலும் இதே ஒழுக்கத்தோடு செய்யலாம். யாரைக் கேட்பது என்பதற்கான பதில் உங்களுக்கும் அப்படியே பொருந்தும். அதன்பின் மேல் தளத்தை மட்டும் உடைத்துவிட்டு, கடப்பாரையை ஓரமாக வையுங்கள். தட்டையான மண்வெட்டியால் மெல்லிய அடுக்குகளாகச் சீவி எடுங்கள். இறுகிய இடத்தில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி ஊற விட்டு, கொட்டாங்கச்சியாலோ கையாலோ அள்ளுங்கள். நேர் கீழே குத்தாமல், லைனுக்குப் பக்கவாட்டிலிருந்து நெருங்குங்கள். மின்கேபிள் இருக்க வாய்ப்புள்ள இடத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மின்காப்புப் பிடி உள்ள கருவி இல்லாமல் தோண்டவும் செய்யாதீர்கள்.

கேபிள் மேல லேசா ஒரு கீறல். டேப் சுத்தி மூடிட்டா யாருக்குத் தெரியும்?

அடுத்த மழைக்குத் தெரியும். கீறல் வழியாக ஈரம் இறங்கி, சில மாதம் கழித்து கேபிள் வெடிக்கும். அப்போது அங்கே வேறு யாராவது தோண்டிக்கொண்டிருக்கலாம். பிளாஸ்டிக் எரிவாயுக் குழாயில் விழுந்த கீறலும் அப்படித்தான், அழுத்தத்தில் மெல்ல மெல்ல விரிசலாகும். உடையவரை அழைத்துக் காட்டுங்கள். வெளிப்படையாகச் சொன்னவரிடம் அவர்கள் பேசும் விதமே வேறு. சட்டமும் இருக்கிறது. 2023-ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி தொலைத்தொடர்பு லைனைச் சேதப்படுத்தினால் ஈடு கொடுக்க வேண்டும், 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கவும் இடம் உண்டு.

வெட்டியே போச்சு. முதல்ல என்ன செய்ய?

மின்கேபிள் என்றால், ஜேசிபி ஓட்டுநர் கேபினிலேயே இருக்கட்டும், எதையும் தொடாமல். யாரும் அருகில் போக வேண்டாம், சுற்றியுள்ள ஈரத் தரையிலும் மின்சாரம் பரவியிருக்கும். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-ஐ அழையுங்கள். வண்டி தீப்பிடித்தால் மட்டும், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரண்டு காலையும் சேர்த்து வெளியே குதித்து, காலை அகட்டாமல் சின்னச் சின்ன அடியாக விலக வேண்டும்.

எரிவாயு என்றால், எல்லாரும் காற்று வரும் திசைப் பக்கமாக விலகுங்கள். பீடி, செல்போன், சுவிட்ச், வண்டி ஸ்டார்ட் எதுவும் கூடாது. குழாயை மடக்கியோ அடைத்தோ நிறுத்தப் பார்க்காதீர்கள். தூரமாகப் போனபின் குழாய்ப் பாதையில் நட்டிருக்கும் அடையாளக் கல்லிலுள்ள அவசர எண்ணையும் 112-ஐயும் அழையுங்கள். தண்ணீர்க் குழாய் என்றால் பள்ளத்திலிருந்து எல்லாரும் மேலே வந்த பிறகுதான் வால்வைத் தேட வேண்டும்.

நாங்க தோண்டறதே இல்லை. சாலைக்கு அடியில மெஷின் வெச்சுத் துளைச்சுப் போறோம். எங்களுக்கு எதுக்குச் சோதனைக் குழி?

உங்களுக்குத்தான் மிகவும் வேண்டும். ஹெச்டிடி, அதாவது சாலையை வெட்டாமல் அடியில் கிடையாகத் துளைக்கும் துரப்பணத்தின் முனை எங்கே போகிறது என்று கருவி காட்டும், முனைக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று காட்டாது. ஜேசிபி கேபிளை இழுத்தால் வெளியே தெரியும். துரப்பணம் பாதாள சாக்கடைக் குழாயின் நடுவே புகுந்து மறுபக்கம் போனால் மேலே யாருக்கும் தெரியாது. உங்கள் பிளாஸ்டிக் குழாய் சாக்கடைக்குக் குறுக்கே உட்கார்ந்திருக்கும், சாக்கடையும் கொஞ்ச காலம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். வருடங்கள் கழித்து அடைப்பு எடுக்க வருகிறவர் அதைக் கம்பியால் குத்தி அறுப்பார். உள்ளே போவது எரிவாயுக் குழாயாக இருந்தால், வாயு சாக்கடை வழியாக வீடுகளுக்குள் போகும். வெளிநாடுகளில் இப்படி வீடுகள் வெடித்திருக்கின்றன.

நாகர்கோவிலில் பாதாள சாக்கடை போன தெருக்களில் துளைக்கும்போது, உங்கள் பாதை குறுக்கிடும் ஒவ்வொரு லைனின் மேலும் ஒரு சோதனைக் குழி எடுங்கள். லைனின் அடிப்பாகம் தெரியும்வரை ஆழப்படுத்துங்கள். துரப்பண முனை அந்த இடத்தைக் கடக்கும்போது ஒரு ஆள் குழியைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், குழாயைப் பின்னுக்கு இழுக்கும்போதும் நிற்க வேண்டும், ஏனென்றால் அப்போது துளை அகலமாகும். சாக்கடை ஆழமாக இருந்து குழி எடுக்க முடியாவிட்டால், வேலைக்கு முன்னும் பின்னும் அந்தக் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்த்து, பதிவை மாநகராட்சியிடம் கொடுங்கள்.